ஜெர்சிக்குள் எழுதிய பெயர்

ஐயா, கால்பந்து வீரர்களின் உடை விதிகள் பற்றி ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசியல், மத, தனிப்பட்ட வாசகங்கள் உடையில் கூடாது என்கிறது ஆட்ட விதி 4. சரி, விதி வேண்டியதுதான். ஆனால் அதை ஆளுக்கு ஒரு மாதிரி, ஆண்டுக்கு ஒரு மாதிரி பயன்படுத்துவதுதான் வீரர்களைக் குழப்புகிறது. 2020-இல், அமெரிக்கப் போலீஸ் பிடியில் இறந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டுக்கு நீதி கேட்டு எழுதிய உள்சட்டையை, ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணி வீரர் ஜேடன் சாஞ்சோ காட்டினார். ஜெர்சியைக் கழற்றியதற்காக நடுவர் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டினார். அப்போது, இப்படிக் குரல் கொடுத்தவர்களுக்குத் தண்டனை அல்ல, கைதட்டல்தான் தகும் என்றார் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தலைவர் இன்ஃபான்டினோ. அதே ஃபிஃபா 2022 கத்தார் உலகக் கோப்பையில், பாகுபாட்டை எதிர்க்கும் பல வண்ண ‘ஒன் லவ்’ கைப்பட்டை அணிந்தால் கேப்டன்களுக்கு மஞ்சள் அட்டை என்று மிரட்டியது! அதை அணியத் திட்டமிட்டிருந்த ஏழு ஐரோப்பிய அணிகளும் பட்டையைக் கைவிட்டன.

இந்தக் குழப்பம் எங்கள் கௌதமபுரத் தெருப் பையன்கள் வரை வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்ப் போட்டி ஒன்றில், கோல் அடித்த பையன் ஜெர்சியைத் தூக்கி, இறந்துபோன தன் பயிற்சியாளரின் பெயரைக் காட்டினான். நடுவர் மஞ்சள் அட்டை நீட்டினார். அடுத்த வாரம் வேறொரு நடுவர், அதையே செய்த இன்னொருவனின் தோளைத் தட்டிக் கொடுத்தார். எது விதி என்று பையன்கள் என்னைக் கேட்டார்கள், எனக்கென்ன தெரியும்? எது அனுமதி, எது தண்டனை என்பதைப் படங்களோடு ஒரே தாளில் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட்டு, ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பே கர்நாடகக் கால்பந்துச் சங்கம் அணிகளுக்குக் கொடுக்கலாம்.

– கால்பந்து ரசிகர் ஒருவர், பெங்களூரு