லேபிளை விட்டு வந்தாச்சு: கூட நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எனக்கும் என் லேபிளுக்கும், அதாவது நான் பாடும் கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமிய இசையை ஆல்பமாக வெளியிட்ட நிறுவனத்துக்கும், இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வழக்கு, வாய்தா எதுவும் இல்லை. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கி, ஆளுக்கொரு காபி குடித்துவிட்டுத்தான் எழுந்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அமெரிக்காவில் நான் இருக்கும் நாஷ்வில் பார்க்கத்தான் பெரிய ஊர். பாட்டுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரே தெரு மாதிரிதான். இன்று பிரிந்தவரோடு அடுத்த மாதமே ஒரே மேடையில் நிற்க வேண்டி வரும்.

செய்தி தெரிந்ததும் சென்னையிலிருந்து போன் செய்தவர்கள் பெரும்பாலும் கேட்டது, "அப்போ பாட்டெல்லாம் போச்சா?" என்றுதான். பெரியம்மா அதற்கும் ஒருபடி மேலே போய், "அவங்களுக்கு எவ்வளவு கட்டணும்?" என்றார். இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் நான் யாருக்கு, எதற்கு நன்றி சொல்கிறேன் என்பது விளங்கும்.

முதல் ஆல்பத்தின் மாஸ்டர் பதிவுகள், அதாவது பிரதிகளுக்கெல்லாம் மூலமான ஒலிப்பதிவுகள், லேபிளிடமே இருக்கும். ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர்களின் சம்பளம், மிக்ஸிங், அட்டைப்படம் என்று எல்லாவற்றுக்கும் காசு போட்டவர்கள் அவர்கள். அந்தச் செலவை என் பேரில் எழுதிவைத்து, விற்பனையில் எனக்கு வர வேண்டிய பங்கிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். இன்னும் பாதிகூடக் கழியவில்லை. ஆனால் அந்தப் பாக்கி என் பின்னாலேயே வராது. அந்த ஆல்பத்தின் வருமானத்தில் கழிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே பெரியம்மா, ஒரு பைசா கட்ட வேண்டாம். பாட்டின் வரிகளும் மெட்டும் தனி உரிமை. அது என்றைக்கும் என்னிடம்தான் இருந்தது. இரண்டாவது ஆல்பத்துக்காக எழுதி, வெளிவராமல் கிடந்த பாட்டுகள் மொத்தமும் என் கைக்குத் திரும்பிவிட்டன.

இதையெல்லாம் இப்படிப் பிரித்து வாங்கிக் கொடுத்தவர் ஒரு வக்கீல் அம்மா. ஆர்ட்ஸ் அண்ட் பிசினஸ் கவுன்சில் என்று நாஷ்வில்லில் ஓர் அமைப்பு இருக்கிறது. கலைஞர்களுக்கு உதவத் தாமாக முன்வரும் வழக்கறிஞர்களை அது சேர்த்துவைக்கிறது. பகலில் மருத்துவமனை பில்லிங் பிரிவில் வேலை பார்த்து ராத்திரியில் பாடுகிற என்னைப் போன்றவர்களுக்கு பாட்டு நிறுவனங்கள் நிறைந்த மியூசிக் ரோ பகுதி வக்கீல்களின் மணிக்கணக்குக் கட்டணம் கட்டுப்படியாகாது. இந்த அம்மா என் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பென்சிலோடு உட்கார்ந்து படித்தார். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, "இது இல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்?" என்று ஓரத்தில் எழுதுவார். யாருக்கும் நஷ்டமில்லாத வரிகள் எத்தனை இருந்தன என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவற்றையெல்லாம் முதலில் அடிக்கச் சொல்லி, லேபிள்காரர்களைத் தலையாட்டப் பழக்கிய பிறகுதான் காசு விஷயத்துக்கே வந்தார்.

காசு விஷயம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எல்பி இசைத்தட்டு, சிடி விற்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவருக்குச் சேர வேண்டிய தொகையை அமெரிக்காவில் மூன்று நீதிபதிகள் கொண்ட வாரியம் ஒன்று நிர்ணயிக்கிறது. 2006 முதல் 2022 வரை அது 9.1 சென்ட்டிலேயே நின்றது. 2023இல் 12 சென்ட் ஆனது. பாடுகிறவரே எழுதினால் அதில் முக்கால் பங்குதான் தருவோம் என்பது லேபிள்களின் பழைய வழக்கம். அதாவது 9 சென்ட். விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திய தொகை என் கைக்கு வரும்போது, உயர்வதற்கு முந்தைய தொகையைவிடக் குறைவாக இருக்கும்! இனி விற்பதற்கெல்லாம் முழு விகிதம் என்று வாங்கிக்கொடுத்தார். பெரிய தொகையில்லை, தெரியும். ஆனாலும் அந்த 3 சென்ட்டுக்காக அவர் ஒரு முழு மதியம் வாதாடினார்.

முதல் ஆல்பப் பாட்டுகளை நான் வேறு யாருக்கும் மறுபதிவு செய்து தரக்கூடாது என்ற தடையின் காலமும் குறைந்திருக்கிறது. உடனே, "டெய்லர் ஸ்விஃப்ட் மாதிரி செய்யப்போறியா?" என்று அக்கா மகள் கேட்டாள். அவரும் இதே ஊர்த் தனி லேபிள் ஒன்றில் தொடங்கி, 2018இல் விலகியவர்தான். மறு வருஷமே அந்த லேபிள் மாஸ்டர்களோடு சேர்த்து விற்கப்பட, அவர் பழைய ஆல்பங்களை மறுபடி பாடிப் பதிவுசெய்ததும், 2025இல் பழைய மாஸ்டர்களையே விலைக்கு வாங்கியதும் ஊருக்கே தெரியும். எனக்கு அந்த வசதியெல்லாம் இல்லை கண்ணு. தடை முடிந்ததும் இரண்டு பாட்டை மட்டும் திரும்பப் பாடுவதாக எண்ணம்.

சரி, ஏன்தான் பிரிந்தாய் என்று கேட்பவர்களுக்கு: ஸ்டீல் கிட்டாரால்.

பெடல் ஸ்டீல் கிட்டாரைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோளில் மாட்டுகிற வாத்தியம் அல்ல அது. சின்ன மேஜை மாதிரி நான்கு காலில் நிற்கும். மேலே பத்துத் தந்தி, இடது கையில் தந்திமேல் நகர்த்துகிற இரும்புக் குண்டு, வலது கை விரல்களில் நகமாட்டி, காலடியில் பெடல்கள், முழங்காலை இப்படியும் அப்படியும் அசைத்தால் இழுக்கிற நெம்புகோல்கள் வேறு. நாஷ்வில்லில் புழங்கும் ஈ-9 சுருதி அமைப்பில் முதல் இரண்டு பெடல்களைச் சேர்த்து அழுத்தினால் சட்ஜம் அசையாமல் நிற்க, காந்தாரம் மத்தியமத்துக்கும் பஞ்சமம் தைவதத்துக்கும் ஒரே நேரத்தில் வழுக்கி ஏறும். சின்ன வயதில் பாட்டு டீச்சர் 'ஜாரு, ஜாரு' என்று தொடையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது, இங்கே ஒரு பாதத்தின் அழுத்தத்தில் இரண்டு ஸ்வரத்துக்கும் சேர்ந்து நடக்கிறது. என் தொண்டையில் இயல்பாக வருகிற அசைவுக்கு ஈடுகொடுக்கிற வாத்தியம் இந்த இசையில் இது ஒன்றுதான். இரண்டாவது ஆல்பத்தில் அதை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் தாளம் போடலாம், வானொலிக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்றார்கள். முடியாது என்றேன். அதன் பிறகு பேச்சு எங்கும் நகரவில்லை.

ஸ்டீல் வாசிப்பவரை எங்கள் வீட்டில் 'ஸ்டீல் தாத்தா' என்றுதான் சொல்வோம். இசைக்கலைஞர் சங்கத்தின் நாஷ்வில் கிளையான 257இல் பழைய உறுப்பினர். இங்கே கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டங்களை, எழுத்தில் எழுதாமல் 1, 4, 5 என்று எண்ணில் எழுதிக்கொள்வார்கள். ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் கடைசியில் தொடங்கிய முறை. பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தால் சுருதியை இறக்கிக்கொண்டு அதே தாளை வைத்து வாசிக்கலாம். "1 என்றால் சட்ஜம், 4 மத்தியமம், 5 பஞ்சமம், அவ்வளவுதானே?" என்று நான் கேட்ட அன்றிலிருந்து தாத்தாவுக்கு என்மேல் தனிப் பிரியம். இரண்டாவது ஆல்பப் பாட்டுகளின் மாதிரிப் பதிவுகள் அவர் வீட்டு கராஜில்தான் நடந்தன. அந்தப் பதிவுகளில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவராகவே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்படி ஒரு தாள் இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை இன்னும் இழுத்திருக்கும் என்று வக்கீல் அம்மா சொன்னார்.

தாத்தா ஆறுதல் சொல்கிற ரகமில்லை, கதைதான் சொல்வார். கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1958இல் சன் ரெக்கார்ட்ஸ் லேபிளை விட்டு கொலம்பியா லேபிளுக்குப் போன பிறகும், கையிலிருந்த பழைய பதிவுகளை சன் வெளியிட்டுக்கொண்டே இருந்த கதை. பாடகி பேட்ஸி க்ளைன் ஃபோர் ஸ்டார் என்ற சிறு லேபிளில் சிக்கி, அவர்கள் கைவசமிருந்த பாட்டுகளை மட்டுமே பாட வேண்டியிருந்த கதை. 1960இல் ஒப்பந்தம் தீரும்வரை அவருக்கு ஒரே ஒரு பெரிய ஹிட்தான். பதிலுக்கு நான் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் கதை சொன்னேன். 1953இல் அபட் என்ற சிறு லேபிளில் முதலிடத்துக்கு வந்து, 1955இல் அதை விட்டு ஆர்.சி.ஏ. விக்டருக்குப் போனவர். அது தாத்தாவுக்குத் தெரியாததா? பெரம்பூர்ப் பக்கம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் என்றால் ஜிம் ரீவ்ஸ் குரல் கேட்டாக வேண்டும் என்பதுதான் அவருக்குப் புதுசு. 1964இல் இதே நாஷ்வில் பக்கம் பிரென்ட்வுட் அருகே விமான விபத்தில் இறந்தவருக்காக, எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி முப்பது வருஷம் கழித்தும் கண் கலங்குவார் என்று சொன்னபோது, மனிதர் வாசிக்கிற இரும்புக் குண்டைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஆன்ட்டிக்கும் என் நன்றி. தெருவில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் டேப் போடுவார். எனக்குக் கன்ட்ரி வந்தது அந்த ஜன்னல் வழியாகத்தான்.

லேபிள் நடத்தியவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும், "சிதார் சேர்த்தால் வித்தியாசமாக இருக்குமே" என்று சொல்லாத ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். கன்ட்ரி பாடுகிறேன் என்றால், பாடு என்றார். தன் சேமிப்பைப் போட்டு எல்பி அடித்தார். ஸ்ட்ரீமிங்கில் வருகிற சில்லறையை வைத்து சம்பளம் போட முடியாத நெருக்கடியில்தான் வானொலிப் பக்கம் பார்த்தார். அவர் சொன்ன வழி எனக்குச் சரிப்படவில்லை, அவ்வளவுதான். அவர் அலுவலகக் கணக்குப் பிள்ளைக்குத் தனி நன்றி; ஒவ்வொரு பதிவின் கோப்பையும் பெயரெழுதி வரிசையாக வைத்திருந்ததால்தான், எது யாருடையது என்று ஒரே நாளில் பிரிக்க முடிந்தது.

திங்கட்கிழமை ராத்திரி ப்ளூபேர்ட் கஃபேயில் பாடுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்திலிருந்து என்னோடு வருகிறவர்களை மறக்கவில்லை. கடைவரிசையில் ஒரு சின்ன இடம், தொண்ணூறு பேர்வரை உட்காரலாம், 1982இலிருந்து நடக்கிறது. பாடும்போது பேசினால் அதட்டி உட்காரவைப்பார்கள். என் முதல் பாட்டுக்குப் பேசியவர்கள் அக்காவும் மாமாவும்தான். இருவருக்கும் நன்றி. வீட்டில் அறை கொடுத்ததற்கு, வண்டி ஓட்டியதற்கு, வாத்தியக்காரர்களுக்கெல்லாம் இட்லி கொடுத்ததற்கு. கென்டக்கியில் சின்னச் சின்ன ஊர் வானொலிகளில் என் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் பாட்டைச் சரியாகப் போட்ட அறிவிப்பாளர்களுக்கும்.

கடைசியாக ஒரு தகவல். விற்காமல் நின்ற எல்பிகளை அடக்க விலைக்கே வாங்கிவிட்டேன். பெட்டிகள் அக்கா வீட்டு கராஜை அடைத்துக்கொண்டிருக்கின்றன. மாமா காரை வெளியே நிறுத்துகிறார், முகம் அவ்வளவு நன்றாக இல்லை. நாஷ்வில், ஃபிராங்க்ளின், மர்ஃப்ரீஸ்பரோ பக்கம் இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்குத் தபால் செலவே தட்டின் விலையைத் தாண்டுகிறது. டிசம்பரில் வரும்போது பெட்டியில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு கொண்டுவருகிறேன். வேண்டுமென்பவர்கள் பெரியம்மாவிடம் சொல்லிவையுங்கள். அவரிடம் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது, ஆனாலும் முதல் தட்டு அவருக்குத்தான்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் பாடகி, நாஷ்வில்