அண்ணா சாலையில் இறங்காமல் நடக்க ஒரு பிளாட்பாரம் வேண்டும்

அண்ணா சாலைக்கும் அதன் நடைபாதைக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் என் அம்மாவை ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அம்மாவுக்கு 72 வயது, இடது முட்டியில் தேய்மானம். சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி, உட்கார்ந்தபடியே வந்து, லிஃப்டில் மேலே ஏறிச் சாலைக்கு வந்துவிட்டோம். அதுவரை ஒரு குறையும் இல்லை. கிளினிக் அங்கிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. "இதுக்குப் போய் ஆட்டோவா? நடந்துடலாம்" என்றார் அம்மா.

பிளாட்பாரம் இருந்தது, கல்லும் நன்றாகத்தான் பதித்திருந்தார்கள். ஆனால் நாற்பது அடி போவதற்குள் ஒரு கட்டடத்தின் வாசல் வந்தது. கார் உள்ளே போவதற்காக அந்த இடத்தில் பிளாட்பாரத்தை வெட்டிச் சாலை மட்டத்துக்கு இறக்கியிருந்தார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலைக் கீழே வைத்தார், வாசலைக் கடந்தார், வலது காலைத் தூக்கி மறுபடி ஏறினார். முப்பது அடியில் அடுத்த வாசல். அப்புறம் இன்னொன்று. ஓரிடத்தில் மின்சாரப் பெட்டி பிளாட்பாரத்தின் முழு அகலத்தையும் அடைத்து நின்றது. அதைச் சுற்றிப்போகச் சாலையில்தான் இறங்க வேண்டும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். எட்டாவது இடத்தில் விளிம்பு மற்றதைவிட உயரம். அம்மாவின் கால் அதை எட்டவில்லை. முன்னால் சரிந்து, உள்ளங்கை இரண்டும் தரையில் உரசி விழுந்தார்.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் ஓடிவந்து தூக்கிவிட்டு, தன் ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இதை எழுதக் காரணம் இருக்கிறது. பிளாட்பாரத்தைச் சீர்செய்யச் சொன்னால் முதலில் அப்புறப்படுத்தப்படுவது இவரைப் போன்றவர்கள்தான். அன்றைக்கு எங்கள் வழியை மறித்தவை வெட்டிய வாசல்களும், மின்சாரப் பெட்டியும், பிளாட்பாரத்தின் மேல் வரிசையாக நிறுத்தியிருந்த பைக்குகளும். பூக்காரம்மா ஒதுங்கித்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சாலையின் கதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போன பாதைதான் மவுண்ட் ரோடு, இன்றைய அண்ணா சாலை. 1726-ல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் கட்டிக்கொடுத்ததுதான். மலைக்கு நடந்துபோகிறவர்கள் ஆற்றில் இறங்காமல் போகட்டும் என்ற நினைப்பு அது. இரண்டையும் பிற்பாடு பராமரிக்கவும் அவரே பணம் ஒதுக்கிவைத்தார். அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை, அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. நடக்கிறவர் இறங்காமல் போக வேண்டும் என்று கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்னால் ஒரு தனி மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் இதே சாலையில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். 1973-ல் திறந்த ஜெமினி மேம்பாலம் அப்போது புதுசு. சாயங்காலம் வேலை முடிந்து எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி தோழிகளோடு அண்ணா சிலைவரை நடப்போம், ஹிக்கின்பாதம்ஸில் புரட்டிப் பார்க்க மட்டும் ஒரு புத்தகம் எடுப்போம் என்று இப்போதும் சொல்வார். அன்றைக்கு ஆட்டோவில் வீடு திரும்பும்போது, கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, "இனிமே மவுண்ட் ரோடு நமக்கு வேண்டாம்மா" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இறங்காமல் நடக்க ஒரு பிளாட்பாரம். வாசல் வருகிற இடங்களில் பிளாட்பாரம் அதே மட்டத்தில் தொடரட்டும். கார் ஒரு சின்னச் சரிவில் ஏறி அதைக் கடந்து உள்ளே போகட்டும். எஞ்சின் உள்ள வண்டிக்கு அது ஒரு விநாடி வேலை. முட்டி தேய்ந்தவருக்கு அப்படி இல்லை. புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-லேயே எழுதிவைத்திருக்கிறது. நம் ஊரிலேயே தியாகராய சாலையில் 2019-ல் அகலமான நடைபாதை அமைத்தீர்கள். அங்கே அம்மா என் கையைப் பிடிக்காமல் நடக்கிறார்.

தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைவரை 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 621 கோடி ரூபாய் ஒதுக்கி 2024-ல் வேலை தொடங்கினீர்கள். வண்டிகள் சிக்னலில் நிற்காமல் போக அது தேவை என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். ஆனால் இந்த நகரத்தில் எந்தத் திட்டம் வந்தாலும் நடக்கிறவரின் இடத்திலிருந்துதானே முதலில் எடுக்கிறோம்? மெட்ரோவுக்குத் தோண்டியபோது வருஷக்கணக்கில் தகரத் தடுப்புகளுக்கு இடையே ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். முடிந்ததும் நல்ல பிளாட்பாரம் வரும் என்றுதான் பொறுத்துக்கொண்டோம். மெட்ரோவிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் பிளாட்பாரத்தில்தான் கால் வைக்க வேண்டும். போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று சென்னையின் 2014-ம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. நடைபாதையைப் பயன்படுத்துவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இன்னும் யார் சொல்ல வேண்டும்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். வேலை பெரிது, பல துறைகள் சேர்ந்து செய்ய வேண்டியது என்பது எனக்குப் புரிகிறது. மின்சாரப் பெட்டி ஒருவருடையது, வாசல் இன்னொருவருடையது, கல் வேறொருவருடையது. அவர்கள் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க உங்களால்தான் முடியும். தயவுசெய்து செய்யுங்கள். இறங்காமல் நடக்க ஒரு பிளாட்பாரம்.

அம்மாவுக்கு அடுத்த கண் பரிசோதனை ஆறு மாதம் கழித்து. முழுச் சாலையும் அதற்குள் முடியாது. ஆயிரம் விளக்கு மெட்ரோ வாசலிலிருந்து அந்த அரைக் கிலோமீட்டரை முதலில் எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். டாக்டரிடம் இன்னும் தேதி வாங்கவில்லை. நீங்கள் வேலையைத் தொடங்கியதும் வாங்குகிறேன்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டையிலிருந்து ஒரு மகள்