எலக்ட்ரோலைட் பவுடர் வேற, ஓ.ஆர்.எஸ். வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க கோடை இணைப்புல ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் (வயித்தால போறப்ப கரைச்சுக் குடிக்கிற உப்பு, சர்க்கரைக் கலவை) வைட்டமின் கலந்த எலக்ட்ரோலைட் பவுடரையும் (சோடியம், பொட்டாசியம் மாதிரி உப்புச்சத்து சேத்த பவுடர்) பக்கத்துல பக்கத்துல போட்டு, எது கெடச்சாலும் கரைச்சுக் குடிங்கங்கிற மாதிரி எழுதியிருந்தாங்க. மருந்துக்கடையில நிக்கிறவன் நான், இதப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல, ஏன்னா குழந்தைக்கு வயித்தால போகுதுன்னு வர்றவங்க பாதிப்பேர் ஆரஞ்சுப் படம் போட்ட அந்த எலக்ட்ரோலைட் பவுடர் டப்பாவத்தான் கை காட்டுறாங்க.

ஓ.ஆர்.எஸ்.ல விஷயமே அளவுதான் சார். உலக சுகாதார நிறுவனம் 2002ல திருத்துன கணக்குப்படி ஒரு லிட்டர் தண்ணிக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், அவ்ளோதான். குடல்ல சோடியமும் குளுக்கோஸும் ஜோடி சேந்துதான் உள்ள போகும், அது பின்னாடியே தண்ணியும் போகும், பேதி ஆகுறப்பகூட இந்த வழி அடைபடாது. 1971ல வங்காளதேச அகதிங்க முகாம்ல காலரா பரவி சலைன் தீந்துபோனப்ப டாக்டர் திலிப் மகலனாபிஸ் உப்பு, சர்க்கரை கரைசல டிரம்ல வச்சு குடிக்கக் குடுத்தாரு, 30 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழ வந்துச்சு. அதுல வைட்டமினும் இல்ல, ஃப்ளேவரும் இல்ல.

இப்ப அந்த டப்பாவத் திருப்பிப் பாருங்க. எது எடையில அதிகமோ அதத்தான் லிஸ்ட்ல முதல்ல போடணும்னு சட்டம், பல பவுடர்ல முதல்ல இருக்கிறது சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோதான் (அதுவும் ஒரு மாவுச்சத்துதான்), உப்பு கடைசிப் பக்கம் கெடக்கும். குடிக்கிற கரைசல்ல சர்க்கரை கூடிப்போனா உடம்புல இருக்கிற தண்ணியையும் குடலுக்குள்ள இழுத்து பேதி கூடத்தான் செய்யும். சரி சுகர் ஃப்ரீ வாங்குவோம்னா அதுல 955ன்னு ஒரு நம்பர் இருக்கும், அது சுக்ரலோஸ், இனிக்கும் ஆனா சோடியத்தக் கூட்டிட்டுப் போக குளுக்கோஸ் இல்லயே, பேதிக்கு அத வச்சு என்ன பண்றது? அப்புறம் சோடியம், ஓ.ஆர்.எஸ்.ல லிட்டருக்கு 1725 மில்லிகிராம் வரும், டப்பாவுல ஒரு சர்விங்குக்குன்னு போட்டிருக்கிறத லிட்டர் கணக்குக்கு மாத்திப் பாத்தா எவ்ளோ கம்மின்னு தெரியும்.

வைட்டமின் சி கூடிப்போனா பெரும்பாலும் சிறுநீர்லதான் போகும். பி6 அப்படி இல்ல, மாத்திரையிலயும் பவுடர்லயும் சேத்து அதிக டோஸ் ரொம்ப நாள் எடுத்தா நரம்பு பாதிக்கும், கை கால் மரத்துப்போகும். கிட்னி சரியில்லாதவங்களுக்கு பொட்டாசியம், பிபி இருக்கிறவங்களுக்கு சோடியம், ரெண்டும் டாக்டரக் கேக்காம தொடக்கூடாது. (இளநியிலயும் பொட்டாசியம் நெறைய, சோடியம் கம்மி, அதனால பேதிக்கு இளநி மட்டும் போதாது.)

பவுடரே வேணாம்னு சொல்லல. வெயில்ல மணிக்கணக்கா ரோடு போடுறவங்க, நெடுந்தூரம் ஓடுறவங்களுக்கு உப்பு போகத்தான் செய்யும், அவங்க குடிக்கலாம், உப்பு போட்ட மோரும் கஞ்சியுமே கூட நல்லாத்தான் வேல செய்யும். ஏசி ரூம்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு தண்ணி போதும்.

ஐதராபாத் குழந்தை டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருசம் போராடுன பிறகு 2025 அக்டோபர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த ஃபார்முலா இல்லாத பானத்து மேல ஓ.ஆர்.எஸ்.ங்கிற பேரே இருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அந்தம்மா அவ்ளோ பாடுபட்டு பிரிச்சு வச்சத பத்திரிகை திரும்ப ஒண்ணாக்கலாமா?

அடுத்த இதழ்ல அந்த நாலு பொருளையும் அளவோட கட்டம் கட்டிப் போடுங்க சார், கூடவே ஒரு லிட்டர் பாக்கெட்ட ஒரு டம்ளர் தண்ணியில கரைக்கக்கூடாதுங்கிறதையும் பெரிய எழுத்துல போடுங்க, அந்தத் தப்ப நெறைய வீட்ல பண்றாங்க.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர், தஞ்சாவூர்