செழியனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செழியா,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது. அக்கா மகனுக்கு மொட்டை போட்டாச்சு. போட்டோவை நீ பார்த்த அடையாளம் வந்தது, பதில்தான் வரவில்லை.

பாஸ்போர்ட், விசா பேப்பர் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா?

கல்யாணி சித்தி மகன் ஒரு வீடியோ காட்டினான். ஓட்டுப் போட நிற்கும் வரிசை, நீ தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறாய். இங்கே ஒரு டம்ளரைக் கழுவி வைத்ததில்லை! அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதே குற்றம் என்று 2021ல் அமெரிக்காவில் உங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் சட்டம் போட்டார்களே. கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் கூடாதாமே. தள்ளித்தான் நின்றாயா?

டிகேட்டர் கோர்ட் வாசலில் நீ எடுத்து அனுப்பிய, கறுப்பர்களின் உரிமைக்குப் போராடிய ஜான் லூயிஸ் சிலை போட்டோ என் போனில் இன்னும் இருக்கிறது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைக்கு 1908ல் வைத்த தூணை 2020ல் எடுத்துவிட்டு, 2024ல் அதே இடத்தில் அவரை நிறுத்தினார்கள் என்று எழுதியிருந்தாய். ரிட்டயர் ஆனாலும் சரித்திர டீச்சர் இல்லையா, கிடைத்ததையெல்லாம் படித்தேன். லூயிஸ் பருத்திக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை. வம்புக்குப் போகாதே, குறுக்கே நிற்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். 1960ல் நாஷ்வில்லில், கறுப்பர்களுக்குச் சாப்பாடு தரமாட்டோம் என்ற கடையில் போய் உட்கார்ந்து முதல்தடவை கைதானார். அடிபடுவதற்குள் வெளியே வந்துவிடு என்று அவர் அம்மா கடிதம் போட்டாளாம். அவளுக்கு வேறென்ன தோன்றும்?

1965 மார்ச் 7, ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனபோது செல்மா ஊர்ப் பாலத்தில் போலீஸ் அடித்து அவர் மண்டை உடைந்தது. அன்று அவர் முதுகுப் பையில் இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பிரஷ், பேஸ்ட். ஜெயிலுக்கென்றே கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வயது 25, உன்னைவிடச் சின்னவர். அடியைவிட அந்தப் பையைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்பா, 'அது அவங்க பிரச்சினை, இவனுக்கென்ன' என்கிறார். அந்த ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது, அதே வேகத்தில் அக்டோபரில் குடியேற்றச் சட்டமும் மாறியது, அதுவரை இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 இடம்தான், அவர்கள் வாங்கிய அடியில்தான் நம் பையன் விமானம் ஏறினான் என்றேன். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஆனால் லூயிஸ் அந்த மண்ணில் பிறந்தவர். 45 தடவை பிடித்தார்கள், வெளியே வந்தார், எம்.பி.யும் ஆனார். உன்னை ஒருதடவை பிடித்தாலே ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்களா? வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டி தூக்குவதைக் குடியுரிமை உள்ளவர்கள் செய்யட்டும். நீ கணக்கு எழுது, கார் ஓட்டு, வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போய் விடு. அதுவும் வேலைதானே.

கல்யாணி சித்தியிடம் பெருமையாகத்தான் பேசினேன். உன்னிடம் சொன்னால் தலைக்கேறிவிடும். மாமா விஷயத்துக்குப் பிறகு இந்த வீட்டில் போலீஸ் என்ற பேச்சை எடுத்தாலே என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

விசா பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து நண்பன் வீட்டிலும் ஒன்று வை. வக்கீல் நம்பரைப் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதே, போனைப் பிடுங்கிக்கொள்வார்களாம். கையில் பேனாவால் எழுதிக்கொள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அப்பா தூங்கியிருந்தால் மாடிக்குப் போய்ப் பேசுகிறேன்.

அம்மா