பில்லின் கடைசி வரி

பாப்பா,

நீ அனுப்பிய பைக் சர்வீஸ் பில்லை நாலு தடவை படித்துவிட்டேன். என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள், ஏமாற்றுகிறார்களா பாருங்கப்பா என்று குரலில் கேட்டிருந்தாய். மூன்று வாரமாக எல்லாமே குரலாகத்தான் வருகிறது, முன்பெல்லாம் பத்தி பத்தியாக டைப் செய்வாய். சரி, வேலை அதிகமாக இருக்கும்.

முதல் வரி செயின் ஸ்லாக். செயின் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்ற கணக்கு. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் தள்ளினால் பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும், உன் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும். தொய்ந்தால் கழன்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ரொம்ப இறுக்கினாலும் பேரிங்கும், செயின் ஓடுகிற பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்துபோகும், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயினோடு சேர்த்து மாற்றிவிடு, இல்லாவிட்டால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

கிளட்ச் ஃப்ரீ ப்ளே என்பது லீவரை இழுக்கத் தொடங்கும்போது ஒன்றும் நடக்காமல் சும்மா வருகிற கொஞ்ச தூரம். அது இல்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, முறுக்கினால் எஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. கார் ஆயிலை ஊற்றினாலும் இதே கதை வரலாம், நம் வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே சுற்றுகிறது. அதனால் டப்பாவில், இப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டுகிற ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை போட்டிருக்கிறதா பார். 10டபிள்யூ30 என்பதில் முதல் எண் ஆயில் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, அடுத்தது சூடானபின் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடையும் பார்.

டாப்பெட் செட்டிங். எஞ்சினில் திறந்து மூடுகிற வால்வுக்கும் அதை அமுக்குகிற ராக்கர் என்ற கைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். கூடினால் டக்டக்கென்று சத்தம், அது பெரிய ஆபத்தில்லை. இடைவெளியே இல்லாமல் போனால் வண்டி அமைதியாக ஓடும், உள்ளே வால்வு சரியாக மூடாமல் எரிந்துகொண்டிருக்கும். அதனால் சத்தம் போடுகிற டாப்பெட்டைவிடச் சத்தமே போடாத டாப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். டாப்பெட்டைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பிலேயே 10-11 ஸ்பானர் எது, 12-13 எது என்று பார்க்காமலே எடுத்துக் கொடுத்தவள் நீ. அக்காவுக்கு இன்றுவரை அது வராது. அவ்வளவு தெரிந்தவள், பைக் வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும்.

கடைசி வரி கோன் செட், ஃபோர்க் அலைன்மென்ட், வலது லீவர். கோன் செட் என்பது ஹேண்டில் திரும்புகிற தண்டின் மேலும் கீழும் இருக்கிற பேரிங். அது கெட்டால் ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்று நின்று போகும். நிறைய ஓடி, நிறையக் குழியில் விழுந்த பிறகு வருகிற கோளாறு. உன் வண்டி இன்னும் ஒன்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டவில்லை. ஃபோர்க் என்பது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு குழாய்கள், அவை ஒன்றுக்கொன்று கோணிக்கொண்டால் நேராக்குவது அலைன்மென்ட். அவை தானாகக் கோணுவதில்லை. ஆக, மெக்கானிக் ஏமாற்றவில்லை என்றுதான் தோன்றுகிறது. அதற்குமேல் நான் கேட்கவில்லை. பில்லோடு வந்த போட்டோவில் வண்டியின் இடப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது, வலது கண்ணாடி வெயிலில் மறைந்திருக்கும்.

பிரேக் பேடைப் பார் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், அம்மாவின் முழங்கால். மணல் சறுக்கிவிட்டது என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன், மணல் இருந்ததும் உண்மைதான். ஆனால் அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே முன் பிரேக் கீச்சென்று உரசிக்கொண்டிருந்தது. பேட் முழுக்கத் தேய்ந்து வெறும் தகடு டிஸ்க்கில் உரசுகிற சத்தம் அது, உனக்கே தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், வியாழக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். பிடித்தேன், நிற்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கிய பிறகு பேடை நானே கழற்றி மாற்றினேன், பழையதை யார் கண்ணிலும் படாமல் தூர எறிந்தேன். இதுவரை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

டயர் காற்றை வண்டி சூடாகும் முன்பே பார்த்துவிடு, ஓடிய பிறகு பார்த்தால் அதிகமாகத்தான் காட்டும். பிரேக் பேட்.

இதற்குப் பதிலைக் குரலிலேயே அனுப்பு. இடது கையால் டைப் செய்து கஷ்டப்பட வேண்டாம்.

அப்பா