ஸ்டென்ட் வந்தாலும் திறந்த அறுவைப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயிற்று மகாதமனி வீங்கினால், வயிற்றைத் திறந்து டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாயைத் தைப்பதே ஒரு காலத்தில் வழக்கம். 1990-ல் பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் கிராஃப்டை (துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்) ஏற்றிக் காட்டினார். இன்று அதுவே பெருவழி. நோயாளிக்கு நல்லதுதான். அடுத்த தலைமுறை மருத்துவர்களின் கை எங்கே பழகும் என்பதே கவலை.

சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே சுமார் 15 மி.மீ. நேரான, நல்ல பகுதி இருந்தால் ஸ்டென்ட் பிடித்துக்கொள்ளும். அது குட்டையாகவோ கோணலாகவோ இருந்தால் திறந்த அறுவைக்கு வருகிறது. முன்பு பயிற்சி மாணவர் தொடங்கிய எளிய கேஸ்கள் தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தும் கத்தீட்டர் அறைக்குப் போய்விட்டன. சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே கிளாம்ப் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இடுக்கி) போட வேண்டியவையும், கிருமி பிடித்த ஸ்டென்டைக் கழற்ற வேண்டியவையுமே மிஞ்சுகின்றன. கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு ஏணியில் ஏறச் சொன்னால் எப்படி? மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லி, ஒரு காலுக்குப் பின் மறு காலுக்கு ரத்தம் போகும்படி கிளாம்பை மெல்லத் தளர்த்தாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இது புத்தகத்தில் இருக்கிறது. கைக்கு வருவது மேசையருகே நின்றால்தான்.

சிறிய அறுவைகளும் குறைகின்றன. வெரிகோஸ் வெயினுக்கு (காலில் புடைத்துச் சுருளும் சிரை) லேசர் வந்ததால், தொடை இடுக்கைப் பிரித்துப் பழகும் முதல் வாய்ப்பே போயிற்று.

சர்க்கரை நோயால் கால் அழுகி வருவோர் செட்டிநாட்டில் ஏராளம். அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுப் பாதை தைக்கும் பைபாஸ் காலாவதியாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. பைபாஸையும் கத்தீட்டர் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், காலின் நீள் சிரை ஒரே துண்டாக நல்ல நிலையில் கிடைத்தவர்களுக்கு பைபாஸே மேலான பலன் தந்தது. மறு ஆண்டு வந்த பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழே பலூன் சிகிச்சைக்குச் சாதகமாக முடிந்தது. இரண்டு சிகிச்சையிலும் தேர்ந்தவரால்தான் நோயாளி பார்த்து முடிவெடுக்க முடியும். சுண்ணாம்பு படிந்த தமனியில் ஊசியை உள்ளிருந்து வெளியே செலுத்த வேண்டும். மாற்றிக் குத்தினால் உள்படலம் பெயர்ந்து ஓட்டத்தை அடைத்துவிடும். இதற்கு விரல் பழகியிருக்க வேண்டும்.

விபத்துகளும் உண்டு. முழங்கால் விலகித் தமனி அறுந்தவருக்குச் சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் ஓடவேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்பும் நேரத்தையும் அதில் கழிக்க வேண்டும். தற்காலிக ஷன்ட் (அறுந்த இடத்தைத் தாண்டி ரத்தம் ஓட வைக்கும் குழாய்) வைக்கவும், வீக்கத்தின் அழுத்தம் குறையக் கெண்டைக்காலின் நான்கு தசை அறைகளையும் திறந்துவிடவும் தெரிந்த அறுவை மருத்துவர் மாவட்ட மருத்துவமனையிலேயே இருந்தால் பல கால்கள் பிழைக்கும்.

செய்யக்கூடியவை உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு மணிக்கட்டில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் தையல்) அமைப்பதை, மேற்பார்வையில், மாணவரின் கையிலேயே விடலாம். 6-0, 7-0 எனும் மிக மெல்லிய நூலில் சிறு நாளங்களைத் தைக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்புகளை எடுக்கும் குழுவில் மாணவரைச் சேர்த்தால், மகாதமனியை வெளிப்படுத்தும் முறை பழகும். ஆட்டின் மகாதமனியில் தையல் பழகச் செலவு அதிகமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சிப் பதிவேட்டில் திறந்த அறுவையும் கத்தீட்டர் சிகிச்சையும் தனித்தனியே வர வேண்டும். தானே செய்தவை, உதவியவை என்று பிரித்து, இரண்டுக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை வகுத்து, அது நிறைவேறிய பிறகே தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும்.

ரத்தநாள அறுவை மருத்துவர்கள்,
காரைக்குடி