சந்திப்புக்குத் தடுப்பூசிச் சான்று கேட்பது பற்றி

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொது இடத்தில் கூடும்போது கோவிட் தடுப்பூசிச் சான்று கேட்க வேண்டுமா என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். அட்மினாக என் கருத்து: வேண்டாம்.

பிரான்சில் 2021 ஆகஸ்டில் உணவகத்தில் உட்காரவே சான்றின் கியூஆர் குறியீடு காட்ட வேண்டியிருந்தது. ஊசி போடாதவர்கள் நெகட்டிவ் பரிசோதனை முடிவைக் காட்டலாம் என்ற வழியும் அப்போது இருந்தது, அது நியாயம். பிறகு ஓமிக்ரான் என்ற கோவிட் திரிபு வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் தொற்றியது, அவர்களிடமிருந்து பிறருக்கும் பரவியது. நோய் முற்றாமல் காப்பதில் தடுப்பூசியின் பலன் பெரிது, அதனால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சான்று உத்தரவாதம் ஆகாது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2022 மே மாதம், அன்றைய நிலையில் ஊசி போடாதவர்களைப் பொது இடங்களில் தடுப்பது பொருத்தமல்ல என்றே சொன்னது.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் நம்மிடையே இருக்கலாம். எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான். காய்ச்சலோ இருமலோ இருந்தால் தயவுசெய்து வராதீர்கள். சந்திப்பைத் திறந்த வெளியிலேயே வைப்போம்.

சான்றிதழ் படத்தை யாரும் குழுவில் போட வேண்டாம். அதில் உங்கள் சொந்த விவரங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே போட்டவர்கள் இன்றே நீக்கிவிடுங்கள்.